கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை

பத்துக்கு எத்தனை என்று கேட்கிறாள் ஸ்டெய்னுன்.
ஏழு என்கிறாள் டனூத்தா.
யோசித்துவிட்டு, ஏழரை.
எந்த நாட்டிலும் அதற்கு அந்த எண்தான் போலும்.

ஐஸ்லாந்து, ஈசாஃபியோர்துர், ஜனவரி.
மலை மறித்து நிற்பதால்
இரண்டு மாதமாய்ச் சூரியன் ஊருக்குள் வரவில்லை.
பத்தொன்பது ஆண்டு காட் மீன் அறுத்த வலது தோள்
அக்டோபரில் ஒருநாள்
தன்னைத் தானே பூட்டிக்கொண்டது.
சாவி ஏதோ மீன் வயிற்றில் போயிருக்கும் என்று
அவளே சொல்லிச் சிரிப்பாள், பாதியில் நிறுத்துவாள்.
சிரித்தாலும் தோள் குலுங்குமே.

மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாள்.
அது வலியை எடுத்துக்கொண்டது,
கூடவே ஒரு செவ்வாய்க்கிழமையையும்.
அன்று எத்தனை பெட்டி அறுத்தாள்,
மகள் கிதான்ஸ்கிலிருந்து போனில் எதற்கு அழுதாள்,
ஒன்றும் நினைவில்லை.
கையில் கத்தி மட்டும் இருந்திருக்கிறது.
மீதிப் பட்டையை அடுப்படி இழுப்பறையில் போட்டாள்,
தீர்ந்த பேட்டரிகளோடும்
பிறந்தநாள் மெழுகுத்திரிகளோடும்.

இங்கே சொல்வது இது:
மேசையில் இடக்கையை ஊன்றிக் குனி.
வலக்கையைத் தொங்கவிடு,
யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன கை என்பதுபோல.
அதை ஆட்டாதே. உடம்பை அசை, அது தானே ஆடும்.
சின்ன வட்டம், காப்பிக் கோப்பை வாய் அளவு.
அடுத்த வாரம் சாசர் அளவு.

பிறகு சுவர்.
இரண்டு விரல் சிலந்தியாய் ஏற வேண்டும்.
நின்ற இடத்தில் ஸ்டெய்னுன் பென்சிலால் கோடு போட்டுத்
தேதி எழுதுவாள்.
முதலில் நெஞ்சு உயரம்.
அதற்கு ஒரு விரற்கடை மேல்.
அப்புறம் மூன்று நாள் கோட்டின்மேலேயே கோடு,
கறுத்துத் தடித்து.
ஒரு வியாழன், வாசலில் பனி வாரிய மறுநாள்,
கோடு கீழே இறங்கியது.
அதையும் எழுதினாள்.
அந்த அறையில் அழிப்பான் கிடையாது.

பொலி! என்று கத்தினாள் டனூத்தா.
அவள் மொழியில் வலிக்கிறது என்று பொருள்.
தமிழில் எழுதிப் பார்க்கிறேன்:
களத்தில் நெல் அளக்கையில் கூவுகிற சொல்.
பொலி, பொலி.
ஸ்டெய்னுனுக்கு இரண்டு மொழியும் தெரியாது.
எந்த வலியில் கையை எடுக்க வேண்டும்,
எந்த வலியில் இன்னும் நாலு மூச்சு நிற்கலாம்
என்பது அவள் பெருவிரல்களுக்குத் தெரியும்.
அந்த விரல்களும் தேய்ந்தவை.
அடுத்தவர் முதுகில் அழுத்தியே ஓய்ந்தவை.
இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

மாதக் கடைசியில் மலை விளிம்பில் சூரியன்.
ஊரெல்லாம் அதற்காகக் காப்பி, நீர்தோசை மாதிரி பான்கேக்.
சிகிச்சை அறையிலும் ஒரு தட்டு.
வெளிச்சம் சன்னல்வழி சாய்ந்து
கோடுகளின்மேல் நாலு நிமிடம் நின்றது.
ருபார்ப் ஜாம் மூடியோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் ஸ்டெய்னுன்.
கொடு, என்றாள் டனூத்தா.
பாட்டிலை இடக்கையால் மார்போடு அணைத்து
வலக்கையால் திருகினாள்.
சொடக்.
இருவரும் அப்படியே நின்றார்கள்.
மூடிதான்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல:
பத்துக்கு எத்தனை?
தெரியவில்லை, என்றாள்.
இன்று காலை உள்ளாடைப் பின்கொக்கியை நானே மாட்டினேன்.
மூன்றாவது முயற்சியில். வியர்த்துக் கொட்டிவிட்டது.
வலித்ததா?
வலிக்காமல்?

எண் போடும் கட்டத்தில் ஸ்டெய்னுன்
கொக்கி என்று அடித்தாள்.
கணினி ஏற்கவில்லை. அதற்கு எண்தான் வேண்டுமாம்.
ஆறு என்று போடு, என்றாள் டனூத்தா,
அதைப் பாவம் பார்த்து.